கொடைக்கானல் ஏறும் ‘பாடி கிட்’ கார்கள்: வீட்டிலேயே மாட்டலாமா, சட்டம் எங்கே கோடு போடுகிறது?

சனிக்கிழமை காலை. வத்தலக்குண்டு தாண்டி, காமக்காபட்டி சோதனைச்சாவடியில் இருந்து கொடைக்கானல் மலைப்பாதை தொடங்குகிறது. வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே சில கார்கள் மட்டும் கண்ணை இழுக்கும். தரையை உரசும் முன் பம்பர், வெளியே புடைத்த ஃபெண்டர், பின்னால் பெரிய ஸ்பாய்லர். சில வண்டிகள் கம்பெனியில் இருந்தே அப்படி வந்தவை. மற்றவை பட்டறையிலோ வீட்டு போர்ட்டிகோவிலோ உருமாறியவை.

“செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஆன்லைன்ல ஒரு கிட், ரெண்டு வீக்எண்ட் வேலை. என் காசு, என் வண்டி, இதுல என்ன தப்பு?” என்பது இளைஞர்கள் பலரின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று ஒரே வார்த்தையில் முடியாது.

பாடி கிட் என்றால் என்ன?

மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ஏற்கெனவே இருக்கும் பம்பர் மேல் ஒட்டும் லிப், சைடு ஸ்கர்ட், சின்ன ஸ்பாய்லர். போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். இரண்டாவது, ‘வைட்பாடி’. சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை வெட்டி, அகலமான ஃபைபர் ஃபெண்டரைப் பொருத்துவது. மூன்றாவது, முழு உருமாற்றம். ஒரு காரின் சேஸிஸை வைத்துக்கொண்டு, மேல் உடம்பை வேறொரு காரைப் போல மாற்றிவிடுவது.

மூன்றாவது வகைக்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் பான்டியாக் ஃபியரோ. 1984 முதல் 1988 மாடல் வரை வந்த இந்தக் காரில் எஃகுச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தகடுகள் மாட்டப்பட்டிருந்தன. தகடுகளைக் கழற்றி, ஃபெராரி மாதிரி தெரியும் ஃபைபர் உடம்பை மாட்டுவது அங்கே வீட்டு கராஜ் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. அங்கேயும் சிக்கல் வராமல் இல்லை. தன் கார் வடிவங்களை நகலெடுத்த ஒரு கிட் தயாரிப்பாளர் மீது ஃபெராரி வழக்கு போட்டது. 1991-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் இருக்கும் விவரங்களுக்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. ஆர்.சி. புத்தகத்தில் என்னென்ன இருக்கும்? நிறம், பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, எடை, வீல்பேஸ், எரிபொருள், இன்ஜின் மற்றும் சேஸிஸ் எண்.

இதே பிரிவில் பலர் கவனிக்காத ஒரு விளக்கமும் இருக்கிறது. ‘மாற்றம்’ என்றால், வண்டியின் கட்டமைப்பில் செய்யப்பட்டு அதன் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் மாற்றம். முதல் வகை கிட் மாட்டுபவர்கள் சாய்ந்து நிற்கும் சுவர் இதுதான். ஒரு லிப் மாட்டினால் கட்டமைப்பா மாறிவிடுகிறது? இல்லை என்று வாதிடலாம். ஆனால் ஃபெண்டரை வெட்டிவிட்ட பிறகு அந்த வாதம் நிற்காது.

இதில் திருப்புமுனை 2019 ஜனவரி 9. கேரளாவில் இருந்து வந்த வழக்கில், மாநில விதிகளைக் காட்டி கட்டமைப்பு மாற்றத்தை அனுமதித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில விதி மத்தியச் சட்டத்துக்குக் கீழ்தான், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்றக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். முறைப்படி சி.என்.ஜி. கிட் பொருத்துவது போன்றவற்றுக்கு மட்டும் இடம் உண்டு.

அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதுதான் முக்கியம். மூன்று மாற்றம் என்றால் கணக்கு 15,000 ரூபாய். கிட்டோடு சேர்த்து சத்தமான சைலன்சரும் போட்டால் அது தனி. ஒலி மாசு விதிமீறலுக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸுக்கும் மூன்று மாதம் தடை வரும்.

மலைப்பாதையில் என்ன ஆகும்?

போலீஸ் பிடிக்கிறதோ இல்லையோ, மலைப்பாதை விடாது. வத்தலக்குண்டுக்கும் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலுக்கும் இடையே ஏறக்குறைய 1,800 மீட்டர் உயர வித்தியாசம். 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல், சுமார் ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பங்கைத் தாங்கும். மீதி பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறும்.

கம்பெனி பம்பரில் இருக்கும் ஓட்டைகள் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. பல கார்களில் ரேடியேட்டருக்கும் பிரேக்குக்கும் காற்று போகும் வழி அதுதான். அதை அளவு பார்க்காத ஃபைபர் பம்பர் மூடிவிட்டால், சமவெளியில் தெரியாது. வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி இறங்கும்போது பெடல் ‘ஸ்பாஞ்ச்’ மாதிரி அமுங்கத் தொடங்கினால்தான் தெரியும்.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. உள்பக்கம் சாலை திடீரென்று செங்குத்தாக எழும். தாழ்ந்த லிப் முதலில் அங்கேதான் இடிக்கும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது, ஆள் ஏறிய எடையில் சஸ்பென்ஷன் அமுங்க, டயர் ஃபெண்டரின் உள்விளிம்பை உரசும்.

இது ஓட்டுநரின் பிரச்சினை மட்டுமா? இல்லை. நெரிசல் காரணமாக சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. இப்படிப்பட்ட பாதையில் ஒரு வண்டி வளைவில் மாட்டிக்கொண்டால், பின்னால் நிற்பது சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்ல. வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ நோயாளியை இறக்கும் ஆம்புலன்ஸும் அந்த வரிசையில் இருக்கலாம்.

வீட்டில் மாட்டுவதில் என்ன ஆபத்து?

ஃபைபர் கிட் ‘அப்படியே உட்காரும்’ என்று விற்பனையாளர் சொல்வார். பெரும்பாலும் உட்காராது. தேய்க்கணும், வெட்டணும், ரெசின் ஊற்றி இடைவெளி அடைக்கணும். ரெசினில் இருந்து வரும் ஸ்டைரீன் ஆவி மூச்சுக்குக் கேடு. அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ‘ஹார்டனர்’ கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சாதாரணத் துணி மாஸ்க் இதற்கெல்லாம் போதாது. கொடைக்கானல் மாதிரி குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் பாலியெஸ்டர் ரெசின் சரியாக இறுகாது. மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஒட்டு பலவீனமாக இருக்கும்.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல். ஏர்பேக்கைத் தூண்டும் மோதல் சென்சார்கள், பார்க்கிங் சென்சார், சில கார்களில் ரேடார் ஆகியவை பம்பரை ஒட்டித்தான் இருக்கின்றன. அவற்றின் இடமோ கோணமோ மாறினால், தேவையான நேரத்தில் வேலை செய்யும் என்ற உத்தரவாதம் போய்விடும். முன்னால் இரும்பு கிராஷ் கார்டு மாட்ட வேண்டாம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-ல் மாநிலங்களுக்கு எழுதியதும் இதனால்தான். மோதலில் மடங்க வேண்டிய பகுதி மடங்காமல் போனால், அடி உள்ளே இருப்பவருக்கும் எதிரே நடப்பவருக்கும் விழும்.

இன்ஷூரன்ஸும் இதில் அடங்கும். பாலிசி என்பது நிறுவனத்திடம் சொல்லப்பட்ட வண்டிக்குத்தான். சொல்லாமல் செய்த பெரிய மாற்றம், விபத்துக்குப் பின் கிளெய்மை மறுக்க ஒரு காரணமாகலாம்.

அப்படியானால் ஆசைப்படுபவர்களுக்கு வழியே இல்லையா?

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. ஜெர்மனியில் மாற்றிய வண்டியை அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் காட்டி, அதை ஆவணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். பிரிட்டனில் வீட்டில் கட்டிய காருக்குக்கூட ‘தனி வாகன ஒப்புதல்’ சோதனை உண்டு. சென்னை அருகே ஒரகடத்திலும் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. ஆனால் அதன் கதவு பெரும்பாலும் கம்பெனிகளுக்குத்தான். ஒற்றை வண்டி வைத்திருப்பவர் நேர்மையாகப் போய், “இதைச் சோதிச்சு சொல்லுங்க” என்று கேட்க எளிய வழி இல்லை. ‘செய்யாதே’ என்பது தெளிவாக இருக்கிறது. ‘இப்படிச் செய்’ என்பது இல்லை. அதனால் நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒன்றாக ஒளிந்துகொள்கின்றன.

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்து 1980-களின் இறுதியில் ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அந்த வகைக் காரில்தான் பந்தயம் தொடங்கினார்கள். ஆனால் அவை பந்தயத் தடத்துக்கான கார்கள், பொதுச் சாலைக்கானவை அல்ல. கரிவர்தன் பெயரில் உள்ள கோவை செட்டிபாளையம் தடம், கொடைக்கானலில் இருந்து சில மணி நேரப் பயணம்தான்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? தயாரிப்பாளரே உங்கள் மாடலுக்கு விற்கும் ஆக்சஸரியைத் தேர்ந்தெடுங்கள். நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றுங்கள். தகட்டை வெட்டும் எந்த வேலைக்கும் முன், எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மெயிலில் தெரிவித்து, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கிட் மாட்டியாகிவிட்டது என்றால், மலை ஏறுவதற்கு முன் வண்டியில் நான்கு பேரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுசாக ஒடித்து, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால், அந்த வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு பஸ் ஏறுவது நல்லது.