கேட்டி எதுக்கு நடக்கணும்?

ஆங்கிலத்தில் சிறுமிகளுக்காக எழுதப்பட்ட பழைய நாவல்களில் ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகியோ, அவளுடைய தோழியோ நடக்க முடியாமல் படுத்துவிடுவாள். கொஞ்ச நாள் அழுவாள். அப்புறம் பொறுமை கற்றுக்கொள்வாள், எல்லோரிடமும் அன்பாகப் பேசுவாள். கடைசி அத்தியாயத்தில் எழுந்து நடப்பாள். சுபம்!

சூசன் கூலிட்ஜ் 1872-ல் எழுதிய 'வாட் கேட்டி டிட்' நாவலில் கேட்டி கார் என்கிற துடுக்குப் பெண், ஏறாதே என்று அத்தை சொன்ன ஊஞ்சலில் ஏறி விழுகிறாள். நாலு வருஷம் படுக்கை. அடங்காத பிள்ளை அடங்கியதும் கால் சரியாகிவிடுகிறது. யோஹன்னா ஸ்பைரியின் 'ஹெய்டி'யில் (1880-81) இன்னும் வேடிக்கை. ஆடு மேய்க்கும் பீட்டர் பொறாமையில் கிளாராவின் சக்கர நாற்காலியை மலைச்சரிவில் உருட்டி விடுகிறான். நாற்காலி நொறுங்குகிறது, கிளாரா நடக்க ஆரம்பிக்கிறாள். நியாயமாகப் பார்த்தால் டாக்டர் ஃபீஸ் பீட்டருக்குத்தான் போயிருக்க வேண்டும். 1913-ல் வந்த 'பாலியானா' வரைக்கும் இதே பாட்டுதான்.

நம்மூரிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) பார்த்து அழாதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் குழந்தை செத்துப்போனதோடு படம் முடிந்துவிடுகிறது. அவள் வளர்ந்து, அஞ்சாவது பாஸாகி, பெரிய ஸ்கூலுக்குப் போகிற வயசு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வியே எழாமல் கதை தப்பித்துக்கொண்டது.

லோயிஸ் கீத் என்கிற பிரிட்டிஷ் எழுத்தாளர் இதைப் பற்றி 2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். 'டேக் அப் தை பெட் அண்ட் வாக்' என்று தலைப்பு. பைபிளில் நடக்க முடியாதவரிடம் இயேசு சொல்கிற வார்த்தைகள் அவை. இந்தக் கதைகளில் ஊனமுள்ள பெண்ணுக்கு இரண்டே வாசல்கள்தான், ஒன்று குணமாக வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும் என்பது அவர் வாதம். இருக்கிறபடியே இருந்து, ஸ்கூலுக்குப் போய், வீட்டுப்பாடம் எழுதாமல் திட்டு வாங்கி, வளர்ந்து பெரியவளாவது என்கிற மூன்றாவது வாசல் அந்த ஆசிரியர்களின் கற்பனைக்கே எட்டவில்லை. கீத் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதால் இது வெறும் இலக்கிய விமர்சனம் இல்லை. அதற்கு முன்பே 'எ டிஃபரன்ட் லைஃப்' என்று இளையோருக்கு ஒரு நாவலும் எழுதியிருந்தார். கடலில் குளித்துவிட்டு வந்து நோய்வாய்ப்பட்டு நடக்க முடியாமல் போகிற பதினைந்து வயதுப் பெண்ணின் கதை. (கடலையும் நோயையும் சேர்த்து யோசிப்பது எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிது இல்லை.)

பிறகு 2015-ல் ஜாக்குலின் வில்சன், பழைய கேட்டியையே எடுத்து இன்றைய இங்கிலாந்தில் வைத்துத் திரும்ப எழுதினார். நாவலின் பெயரே 'கேட்டி'. இதிலும் அவள் விழுகிறாள், முதுகுத்தண்டில் அடிபடுகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் எழுந்து நடக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சக்கர நாற்காலியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். கோபப்படுகிறாள், பொறாமைப்படுகிறாள், மற்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தால் எரிச்சலாகிறாள். நூற்று நாற்பது வருஷம் கழித்து ஒரு பெண் நடக்காமலே ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்பதே பெரிய விஷயம்தான்.

சரி, இந்தக் கேட்டியைக் கொண்டுவந்து காட்டுப்பள்ளியில் விட்டால்?

காட்டுப்பள்ளி தெரியாதவர்களுக்காக: சென்னைக்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டி, பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும், நடுவில் மணல். வடக்கே போய்க்கொண்டே இருந்தால் பழவேற்காடு. மீன், இறால், நண்டு என்று இருந்த இடத்துக்கு 2010-ல் தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் கடல்நீர் ஆலை வந்தது. 2013-ல் எல் அண்ட் டி துறைமுகம் திறந்தது, 2018-ல் அது அதானி கைக்கு மாறியது. தெற்கே காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையம். துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து மீனவ மக்கள் பல வருஷமாகப் போராடி வருகிறார்கள். ஊர்ப் பெயரிலேயே பள்ளி இருக்கிறது, ஆனால் அந்தப் 'பள்ளி'க்கு ஸ்கூல் என்று அர்த்தம் கிடையாது!

இங்கே ஒரு பதினோரு வயதுப் பெண், காலில் பலமில்லாதவள், அஞ்சாவது முடித்துவிட்டாள் என்று கதை ஆரம்பிக்கட்டும். தமிழ்நாட்டின் கல்வி உரிமை விதிகள்படி தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை உள்ள பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று கிலோமீட்டர் என்பது நடக்கிற பிள்ளையின் கணக்கு. அஞ்சாவது வரைக்கும் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டிருப்பாள். பதினோரு வயதுப் பெண்ணை எத்தனை நாள் தூக்க முடியும்? அம்மாவுக்கும் வேலை இருக்கிறது, அம்மாவுக்கும் முதுகு இருக்கிறது. எட்டாவது தாண்டி, மீஞ்சூர்ப் பக்கம் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. அதே சாலையில் கன்டெய்னர் லாரிகள். இந்தக் கன்டெய்னர்கள் சென்னைக்குள் வராமல் போவதற்காக எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 130 கிலோமீட்டருக்குச் சுற்றுச்சாலை திட்டமிட்டார்கள். பெட்டி போக வழி தேடுகிற அக்கறை பெண் போகவும் இருந்தால் தேவலை.

வில்சனின் கேட்டிக்கு இல்லாத வில்லன்கள் இங்கே எத்தனை பேர் பாருங்கள். முதல் வில்லன் பஸ் படி. இரண்டாவது வில்லன் மணல். அரசு இலவசமாகக் கொடுக்கிற சக்கர நாற்காலி சிமெண்டுத் தரைக்கு ஏற்றது, கடற்கரை மணலில் சக்கரம் புதைந்துவிடும். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். கிளாராவின் நாற்காலியை உடைக்கப் பீட்டர் தேவைப்பட்டான், இங்கே காற்றே போதும்.

மூன்றாவது வில்லன் கொஞ்சம் தந்திரக்காரன்: சாய்தளம். 'ராம்ப் இருக்கே' என்று எல்லோரும் காட்டுவார்கள். விதிப்படி ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு இருக்க வேண்டும். மூன்று படி ஏறினால்தான் வகுப்பறை என்றால், படிக்கு அரை அடி வைத்தாலும் பதினெட்டு அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று ஆறு அடியில் செங்குத்தாகப் பூசி வைத்தால், அதில் ஏறுவதற்குப் பேர் மலையேற்றம். இறங்கும்போது பின்னால் ஒருவர் பிடிக்காவிட்டால் கேட்டி ஊஞ்சலில் விழுந்த மாதிரிதான் விழ வேண்டும்.

நான்காவது வில்லனைப் பற்றிச் சிறுவர் கதைகளில் யாரும் எழுதுவதில்லை. கழிப்பறை. ஆறாம் வகுப்பு என்பது பெரும்பாலான பெண்பிள்ளைகள் வயசுக்கு வரும் காலத்தை ஒட்டி வருகிறது. கதவு குறுகலாக, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல், கால் மடக்கி உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். மாதத்தில் சில நாள் லீவு போடுவாள். அப்புறம் சில வாரம். அப்புறம் வீட்டில் யாராவது 'பரவாயில்ல, விடு' என்று சொல்வார்கள். பாசத்தோடுதான் சொல்வார்கள், அதுதான் கஷ்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளி ஆண்களில் சுமார் 62 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், பெண்களில் சுமார் 45 சதவீதம் பேருக்குத்தான். ஊனம் இருவருக்கும் ஒன்று. மீதி வித்தியாசத்தில் இந்தக் கழிப்பறைக் கதவுக்கும் பங்கு உண்டு.

சட்டம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 2016-ம் வருஷச் சட்டம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கச் சொல்கிறது, போக்குவரத்து வசதி தரச் சொல்கிறது, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறனாளி மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை, வருஷத்துக்குப் பத்து மாதம். இருநூறு ரூபாயில் மாதத்துக்கு எத்தனை நாள் ஷேர் ஆட்டோ வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு: வீட்டுவழிக் கல்வி. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012-ல் கல்வி உரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லித் தருவார். வெளியே வரவே முடியாத பிள்ளைக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பஸ்ஸில் ஏற முடியாது என்கிற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் வீட்டிலேயே இருந்தால்? அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். பக்கத்து பெஞ்ச் இருக்காது, சண்டை இருக்காது, ரகசியம் பேச ஆள் இருக்காது. 'ஸ்கூலுக்குப் போகும் பெண்' கதை எழுத முடியாது, ஏனென்றால் அவள் எங்கும் போகவில்லை.

'இதெல்லாம் குழந்தைகள் கதையில் எதுக்குங்க? பி.டி.ஏ. மீட்டிங்கில் பேசுகிற விஷயம். குழந்தைகளுக்கு நம்பிக்கை தருகிற மாதிரி எழுத வேண்டாமா?' என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். யோசித்துப் பார்த்தால் பாட்டி சொன்ன கதைகள் எல்லாமே இப்படித்தான். ஏழு கடல், ஏழு மலை தாண்டி, பூதத்தை ஏமாற்றி, கிளியின் கழுத்தில் இருக்கிற உயிரைப் பிடிப்பது. காட்டுப்பள்ளிப் பெண் லாரி, மணல், படி, சரிவு எல்லாவற்றையும் தாண்டி ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் நுழைவது அதைவிடச் சின்ன சாகசமா? குழந்தைகளுக்குத் தடைகள் பிடிக்கும். பிடிக்காதது உபதேசம்தான்.

நம்பிக்கைக் கதை என்றதும் உடனே பதக்கம் வாங்கியவர்களிடம் போய்விடுவது இன்னொரு பழக்கம். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட, சௌம்யா ராஜேந்திரன் எழுதிய 'விங்ஸ் டு ஃப்ளை' என்கிற படப் புத்தகம், சக்கர நாற்காலி விளையாட்டு வீராங்கனை மாலதி ஹொல்லாவைப் பற்றியது. நல்ல புத்தகம், வீட்டில் இருக்க வேண்டியது. ஆனால் அப்படிப்பட்ட கதைகள் மட்டுமே இருந்தால், கணக்கில் 40 மார்க் வாங்குகிற, எந்தப் பதக்கமும் வாங்கப் போகாத பெண்ணுக்குப் புத்தகத்தில் இடமே இல்லாமல் போய்விடும். இந்த விஷயத்தில் ஜைனப் சுலைமானின் 'சிம்ப்ளி நஞ்சு' (2016) ஒரு படி மேல். பெங்களூரில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் நடக்கிற கதை. வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணின் நோட்டுகள் காணாமல் போகின்றன, யார் எடுத்தது என்பதுதான் பிரச்சினை. நஞ்சுவுக்கு நடையும் சரியில்லை, கழிப்பறை விஷயத்திலும் அடிக்கடி மானம் போகிறது. ஆனாலும் கதை அதைச் சுற்றியே வரவில்லை, திருடனைத் தேடிப் போகிறது. தமிழில் யெஸ். பாலபாரதி ஆட்டிசம் பற்றித் தொடர்ந்து எழுதி, அதைச் சாதாரணமாகப் பேசும்படி ஆக்கியிருக்கிறார். இந்த வரிசையில் வடசென்னைக் கடலோரத்திலிருந்து ஒரு பெண் வந்தால் நன்றாக இருக்கும்.

அவள் கதையில் சோகத்துக்குக் குறைவிருக்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது மூச்சு முட்டிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஓட முடியாதவர்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும்? அவளை யார் தூக்கினார்கள், எந்த வண்டியில் ஏற்றினார்கள், யாரை விட்டுவிட்டுத் தன்னைத் தூக்கினார்கள் என்று அவளே யோசிக்கிற ஒரு அத்தியாயம் வரலாம். பெரியவர்கள் அதைப் படித்தால் துறைமுகம், ஆலை என்று எது கட்டினாலும் பக்கத்து ஊர்களில் ஓட முடியாதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுக்கத் தோன்றலாம்.

ஆனால் அந்த அத்தியாயம் ஒன்றே போதும். மீதியில் அவள் அவளாக இருக்கட்டும். பட்டப்பெயர் வைத்தவனுக்கு அதைவிட மோசமான பட்டப்பெயர் வைக்கட்டும். சிநேகிதியின் நெத்திலி வறுவலைப் பாதி தின்றுவிட்டு இல்லை என்று சாதிக்கட்டும். 'பாவம்' என்று சொல்லிச் சொல்லியே விளையாட்டு பீரியடில் ஸ்கோர் எழுத உட்கார வைக்கும் டீச்சரிடம், ஒருநாள் வேண்டுமென்றே தப்பாக ஸ்கோர் எழுதி எதிர் டீமை ஜெயிக்க வைக்கட்டும். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளட்டும். பழைய கேட்டி படுக்கையில் கிடந்து கற்றுக்கொண்ட பொறுமையை இவள் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

கடைசி அத்தியாயத்தில் அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும். கணக்கில் 38. அப்பாவிடம் காட்டாமல் பையில் மறைத்து வைத்திருப்பாள். பழைய சாய்தளத்தை இடித்துவிட்டுப் பதினெட்டு அடிக்குப் புதுசு கட்ட ஒரு லோடு மணல் கொட்டியிருப்பார்கள், வேலை இன்னும் ஆரம்பித்திருக்காது. ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு முழுக்க அந்த மணல் குவியலில் ஏறிச் சறுக்கிக்கொண்டிருக்கும். அவளும் மேலே இருப்பாள், யார் தூக்கி விட்டார்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்.