பழைய குழுக்களின் மீள்வருகையும் வளைகுடா மேடைகளும்

அமெரிக்காவின் கன்ஸ் அன்ட் றோசஸ் றொக் இசைக்குழு 2025 மே மாத இறுதியில் அபுதாபி யாஸ் தீவில் மீண்டும் மேடையேறியது. 2017 இல் டுபாய், 2018 இலும் 2023 இலும் அபுதாபி என்று கணக்கிட்டால், எட்டு ஆண்டுகளில் அமீரகத்தில் இது நான்காவது தடவை. 1985 இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய குழு அது. பாடகருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இதை வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

கிற்றார் கலைஞர் ஸ்லாஷ் 1996 இல் விலகினார். அடுத்த ஆண்டே டஃப் மெக்ககனும் வெளியேறினார். பாடகர் அக்ஸல் றோஸுடன் இருவரும் 2016 இல் மீண்டும் இணைந்தனர். அப்போது தொடங்கி 2019 வரை நீடித்த சுற்றுப்பயணம் 500 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. ஒலிப்பதிவின் கதை வேறு. 2021 இலும் 2023 இலும் வெளியானவை தனிப்பாடல்கள் மட்டுமே. அவற்றிலும் பல, முன்னரே பதிவுசெய்து கிடப்பில் கிடந்தவற்றின் மறுவடிவங்கள். இசைத்தட்டு விற்பனை சரிந்த காலத்தில் வருமானம் மேடையில்தான் இருக்கிறது. மக்கள் காசு கொடுப்பது புதுப் பாட்டுக்கு அல்ல, தங்கள் இளமைக்கு.

வளைகுடா ஏன்? ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு காரணம். சுற்றுலாவை வளர்க்க அரசுகள் காட்டும் முனைப்பு இன்னொன்று. சவூதி அரேபியா 2016 இல் பொழுதுபோக்குக்கென்றே ஓர் அதிகாரசபையை அமைத்தது. மூன்றாவது காரணம் குளிரூட்டிய அரங்குகள். டுபாயில் 2019 இல் கொக்கா கோலா அரங்கும், அபுதாபியில் 2021 இல் எதிஹாட் அரங்கும் திறக்கப்பட்டன. முன்னர் குளிர்காலத் திறந்தவெளியை நம்பியிருந்த பெரும் கச்சேரிகள் இப்போது மே, யூன் வெயிலிலும் நடக்கின்றன. ஆனால் அதே யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை வெளிவேலைத் தொழிலாளருக்கு மதிய ஓய்வைச் சட்டமாக்க வேண்டியிருக்கிறது. இந்நகரங்களைக் கட்டிய தெற்காசியத் தொழிலாளருக்கு அந்த அரங்கின் நுழைவுச்சீட்டு எட்டாக்கனி.

இதில் எங்களுக்கு என்ன? எங்களுக்கும் கிற்றாரோடு வளர்ந்த ஓர் இசை இருந்தது. 1970களில் ஈழத்துத் தமிழ் பொப் பாடல்கள் இலங்கை வானொலியிலும் கல்யாண வீடுகளிலும் ஒலித்தன. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். ஏ. ஈ. மனோகரன் 2018 இல் சென்னையில் காலமானார். அவர்களுக்குப் பின்னால் வாசித்த கலைஞர்களில் பலரையும் போர் திசைக்கொன்றாக எறிந்துவிட்டது. கன்ஸ் அன்ட் றோசஸைப் பிரித்தது தனிப்பட்ட பகை. அதைப் பணம் தீர்த்து வைத்தது. எங்கள் குழுக்களைப் பிரித்ததைத் தீர்க்க எந்தச் சுற்றுப்பயண ஒப்பந்தமும் வரப்போவதில்லை.

அதனால் செய்யக்கூடியதை இப்போதே செய்வோம். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் எங்கள் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குச் சென்னையிலிருந்து திரைப்பாடகரை அழைக்கட்டும், அதில் குறையில்லை. அந்த மேடையில் அரை மணித்தியாலத்தை எங்கள் மூத்த கலைஞருக்கும் ஒதுக்கி, அதைத் தரமாகப் பதிவுசெய்ய வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்கும் ஒலிநாடாக்களை, 2005 முதல் எங்கள் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களில் சேர்க்க வேண்டும். 1981 இல் யாழ். நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இருப்பதையும் கவனக்குறைவால் இழந்தால் அதற்கு வேறு எவரையும் குற்றம் சொல்ல முடியாது.