லயத்தில் ஒழுக்கம் தேடுகிறவருக்கு

மலையகக் கதைகளில் சாராயமும் கள்ள உறவுமே மிஞ்சுகின்றன, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல்களின் சீரழிவு நம் எழுத்திலும் தொற்றிவிட்டது என்கிறார் ஹட்டன் நண்பர் ஒருவர். முற்றாக மறுக்கிறேன்.

'மதாம் பொவாரி' எழுதிய ஃப்ளோபேரை 1857இல் கூண்டில் ஏற்றியவர்களும் ஒழுக்கத்தின் பெயரால்தான் ஏற்றினார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு தடைசெய்யப்பட்ட போதலேரின் ஆறு கவிதைகள் மீதான தீர்ப்பு 1949இல் ரத்தானது.

சோலாவின் 'ஜெர்மினல்' (1885) நாவலில் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள், வளர்ந்த ஆணும் பெண்ணுமாக, ஒரே அறையில் உறங்குகிறார்கள். நண்பருக்கு அது ஆபாசம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழுந்த லயத்துக்காரனுக்கு அது தெரிந்த வீடு. அந்த அறையைக் கட்டியவனை விட்டுவிட்டு, அதை எழுதியவனை ஏன் பிடிக்கிறீர்கள்?

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் மருதி தேயிலைத் தோட்டத்தில்தான் சீரழிந்தாள். எந்தப் பிரெஞ்சு நாவல் அவளைக் கெடுத்தது? ஆள்கட்டிக் கொண்டுபோன முறையும் துரையின் அதிகாரமும் அல்லவா?

ஒழுக்கக்கேட்டைத் தேடுகிறவர் நம்மை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் தொடங்கட்டும். எழுதுகிற தம்பி தங்கைகளே, கண்ட லயத்தைக் கண்டபடியே எழுதுங்கள்.