ஒரே சஹனில் உண்ணலாம்



சாரல் காலத்தில் ஐந்தருவியில் முன்பின் அறியாதோருடன் நெருங்கி நின்று நீராடியிருப்பீர்கள். அவர்களுள் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்திருந்தால் நமக்கும் தொற்றியிருக்குமோ? தொற்றாது. ஒரே சஹனில் உண்பதாலும் தொற்றாது. உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பிறருக்கு இட்ட ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளிலேயே அது பரவும்.

இந்தியாவில் இக்கிருமியை 1986-ல் முதன்முதலாகக் கண்டறிந்தோர், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் ஆவர். வேலூரில் நடந்த சோதனையில் ஆறு பெண்களின் இரத்தத்தில் அது வெளிப்பட்டது. சுனிதி 1993-ல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையம், பின்னர் ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வொன்றிலும் பங்கேற்றது. இணையருள் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த 1,763 இணையர் அதில் இடம்பெற்றனர். கிருமியுள்ளவர் தாமதமின்றி மருந்து உட்கொண்டால், துணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என 2011-ல் முடிவு வெளியாயிற்று.

அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், சோதனை செய்துகொண்டாலன்றோ மருந்து பெற இயலும்? உற்றார் ஒதுக்குவர் என்று அஞ்சுபவர் சோதனைக்கு வருவாரா? அவர் மறைக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கும், ஏதுமறியா அவர் மனைவிக்கும் ஆபத்தே.

கணவனால் நோயுற்று, அவனையும் இழந்து நிற்கும் பெண் உங்கள் உறவில் இருக்கலாம். அடுத்த விருந்தில் அவளுக்குத் தனித்தட்டு வைக்காதீர்கள்; உங்கள் சஹனிலேயே இடம் கொடுங்கள்.