குழம்பும் கறிவேப்பிலையும்

'வாட்ச்மென்' சூப்பர்ஹீரோ காமிக்ஸை அத்தியாயம் அத்தியாயமாக விமர்சிப்பது, கறிவேப்பிலையை எண்ணிக்கொண்டு குழம்பை மறப்பது போல என்கிறார் நண்பர். குழம்பு எப்படிப் பரிமாறப்பட்டது என்று அவர் பார்த்திருக்கலாம். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87இல் அதை 12 தனி இதழ்களாகத்தான் தந்தார்கள். ஒரே நூலாகக் கட்டியது பிறகு.

ஐந்தாம் அத்தியாயத்தையே எடுங்கள். முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்புகிறது. இரண்டாம் பக்கம் கடைசிக்கு முந்தையதில். இப்படியே நெருங்கி, நடுவில் இரு பக்கங்கள் எதிரெதிரே மோதிக்கொள்கின்றன. இந்தச் சமச்சீர் அந்த ஓர் இதழுக்குள் மட்டுமே உயிரோடிருக்கிறது. மொத்தத்துக்கும் ஒரே தீர்ப்பு எழுதுபவர் இதை எந்த வரியில் வைப்பார்? நான்காவதோ டாக்டர் மன்ஹாட்டன் என்ற பாத்திரத்தைச் செவ்வாய்க் கிரகத்தில் உட்காரவைத்துக் காலத்தையே கலைத்துப்போடுகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலா?

முடிவு தெரியாமல் எழுதும் விமர்சகர் ஏமாறுவாராம். ஏமாறட்டுமே! ஒரு கொலையில் தொடங்கும் துப்பறியும் கதை அது. அன்றைய வாசகர்களும் அடுத்த இதழுக்குக் காத்திருந்து, தப்புத்தப்பாக ஊகித்துத்தான் படித்தார்கள். நண்பர் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டியிருப்பாரோ என்று எனக்கொரு சந்தேகம்.