டாக்டர் படிப்புக்கு மொழி எதற்கு என்கிறார்கள்!

பெண்ணையோ பையனையோ டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாத வீடு நம் பக்கத்தில் குறைவு. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை அறிவியலைத் தவிர வேறு எதையும் தொடவே கூடாது என்று சில பெற்றோர் பிடிவாதம் பிடிக்கிறார்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளஸ் டூவோடு நின்றுபோனவள் நான். படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம்தான். இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் ஆறு மாதமாக இதே பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

என் அக்கா குடும்பம் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறது. அக்கா மகள் அங்கே காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவள் ஆசை. 'பிளஸ் டூ முடிச்சு ரெண்டு வருஷமாச்சே, இன்னுமா மெடிக்கல் சேரலை?' என்று இங்கே சொந்தக்காரர்கள் கேட்காத நாளில்லை. அங்கே முறையே வேறு. பெரும்பாலும், முதலில் 4 வருடம் ஏதாவது ஒரு டிகிரி முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல், அது 4 வருடம். பிறகு ரெசிடென்சி என்று ஆஸ்பத்திரியில் 3 முதல் 7 வருடம். அந்த முதல் 4 வருடத்தைத்தான் 'ப்ரீ-மெட்' என்கிறார்கள். அது டிகிரியின் பெயர் இல்லை. டாக்டராகப் போகிற பிள்ளை என்று அர்த்தம், அவ்வளவுதான். உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று மெடிக்கல் ஸ்கூல் கேட்கிற பாடங்களை லேபோடு முடித்துவிட்டால் போதும். டிகிரி சரித்திரத்தில் வாங்கினாலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இதில் மெயின் பாடத்தை 'மேஜர்' என்பார்கள். கூடவே விருப்பப்பட்டால் இன்னொரு பாடத்தில் ஐந்தாறு வகுப்புகள் எடுத்து முடிக்கலாம். அதற்குப் பெயர் 'மைனர்'. மைனர் என்றதும் எனக்குச் சிலுக்கு ஜிப்பாவும் கழுத்துச் செயினுமாகப் பழைய சினிமா மைனர்தான் ஞாபகம் வந்தார்! நம் ஊர் பி.எஸ்சி.யில் 'அலைடு' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆனால் இது கட்டாயமில்லை, எது வேண்டும் என்பதையும் பிள்ளையே முடிவு செய்யலாம்.

அக்கா மகள் மேஜராக உயிரியல் எடுத்திருக்கிறாள். மைனராக ஸ்பானிஷ் மொழி எடுக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் பிடித்தது சனி!

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அது கம்ப்யூட்டராக இருக்க வேண்டும். 'டாக்டர் சீட் கிடைக்கலைன்னா ஸ்பானிஷை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? கம்ப்யூட்டர்னா ஒரு வேலையாவது கிடைக்கும்' என்கிறார். அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே மெடிக்கல் ஸ்கூலுக்கு மனுப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஒரு வருடத்தில் இடம் கிடைப்பதில்லை. படிப்புச் செலவும் கொஞ்சநஞ்சமில்லை. பணம் கட்டுகிற தகப்பனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கத்தான் செய்யும்.

ஆனால், அந்தப் பெண் ஏன் ஸ்பானிஷ் கேட்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டாமா?

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு நாள் அக்காவும் மாமாவும் வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. பக்கத்து வீட்டு ஆந்திராக்காரம்மா காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரிடம் பேசியது 16 வயது அக்கா மகள்தான். அவர் என்னென்னவோ கேட்கிறார், இவள் தமிழில் கேட்கிறாள், அம்மா எல்லாவற்றுக்கும் 'வயிறு வலிக்குது கண்ணு, வேற ஒண்ணுமில்லை' என்றே சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த டாக்டர் பேத்தியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, போனில் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறார். அவசரம் தவிர மற்ற நேரத்தில் சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-லேயே அங்கே விதி வந்துவிட்டதாம்.

முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். மாதவிலக்கு நின்று பத்து வருடம் ஆனவர்களுக்கு நாலு மாதமாக விட்டுவிட்டு ரத்தப்போக்கு. பேத்தியிடம் எப்படிச் சொல்வார்கள்? பெற்ற பெண்கள் எங்கள் இருவரிடமே சொல்லவில்லையே! பரிசோதனை செய்து, கர்ப்பப்பையில் இருந்த சதை வளர்ச்சியை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. இப்போது நன்றாக இருக்கிறார்கள். சகோதரிகளே, விலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்.

'நான் கேட்டப்ப அம்மாயி எங்கிட்டச் சொல்லலை சித்தி. அவங்க பாஷையில ஒருத்தர் பொறுமையாக் கேட்டதும் சொல்லிட்டாங்க' என்று அக்கா மகள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அவர்களிலும் எங்கள் அம்மாவைப் போல இங்கிலீஷ் வராதவர்கள் நிறையப் பேர். நாளைக்கு அவளிடம் வைத்தியத்துக்கு வருகிற பாட்டி அதைத்தான் பேசுவாள். அப்படியென்றால் அவள் கேட்பது வீண் படிப்பா?

மாமாவின் கணக்குக்கே வருகிறேன். மெடிக்கல் ஸ்கூலுக்கு 'எம்கேட்' என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் நாலு பகுதிகள். ஒன்றில் அறிவியலே கிடையாது. கதை, கலை, சமூகம் பற்றி எழுதியதைக் கொடுத்து, படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்கிறார்கள். 2015-ல் தேர்வை மாற்றியபோது மனவியல், சமூகவியலுக்கும் ஒரு பகுதி சேர்த்துவிட்டார்கள். டாக்டர் என்றால் மனுஷனையும் தெரிந்திருக்க வேண்டும் என்று தேர்வு வைக்கிறவர்களே நினைக்கிறார்கள், வீட்டில் இருக்கும் நமக்குத்தான் அது புரியவில்லை.

இன்னொன்று, அங்கே காலேஜில் வாங்குகிற எல்லா மார்க்கும் கணக்கில் வரும். மைனர் பாடத்தில் வாங்குகிற மார்க்கும்தான். பிடிக்காத பாடத்தை அப்பாவுக்காக எடுத்து மார்க் குறைந்தால், பயந்த மாதிரியே டாக்டர் சீட் கை நழுவிப் போகும். சீட் கிடைக்கவில்லை என்றாலும், மொழி தெரிந்தவளுக்கு ஆஸ்பத்திரிகளிலேயே எத்தனையோ வேலை இருக்கிறது. அவளுக்கே கம்ப்யூட்டர் பிடித்திருந்தால் தாராளமாக அதை எடுக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். பிடித்தது எது என்று அவள் தெளிவாகச் சொன்ன பிறகும் நம் பயத்தை அவள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

'அமெரிக்காக் கதை நமக்கு எதுக்கு?' என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் மைனர் கிடையாதுதான். பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்.பி.பி.எஸ். ஆனால் நாம் செய்வது என்ன? நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மார்க். எல்லாமே இயற்பியல், வேதியியல், உயிரியல். அதனால் பதினொன்றாம் வகுப்புச் சேர்ந்த அன்றைக்கே, 'தமிழும் இங்கிலீஷும் பாஸானா போதும்' என்று சொல்லிவிடுகிறோம். கதைப் புத்தகம் பரணுக்குப் போகிறது. பாட்டு கிளாஸ் நிற்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நாலு வார்த்தை பேசக்கூடப் பிள்ளையை விடுவதில்லை.

நான் இருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். எங்கள் வீதியில் இருக்கும் ஒடிசாப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்துக் கூட்டிப் போகிறாள். அவனுக்குத்தான் தமிழ் தெரியும். எட்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அவள் எந்தப் பெண் நோயைச் சொல்வாள்?

எம்.பி.பி.எஸ். படிக்கும் எதிர்வீட்டுப் பையனிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். 2019-ல் பாடத்திட்டத்தை மாற்றியபோது, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, நடந்துகொள்வது என்பதையும் முதல் வருடத்திலிருந்தே சேர்த்துவிட்டார்களாம். படிப்பின் ஆரம்பத்திலேயே உள்ளூர் மொழியும் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். கேட்க சந்தோஷமாக இருந்தது. ஆனால் காலேஜ் போய்த்தான் அதைப் படிக்க வேண்டுமா? வீட்டிலேயே நாம் ஆரம்பித்து வைக்கலாமே. பிள்ளை ஒரு மொழி கற்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கதை படித்தால் நீட் மார்க் ஓடிப் போகாது. தாத்தா பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்கட்டும்.

மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, இங்கே எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லப் போகிறேன். 'பிளஸ் டூ படிச்சவ எனக்குப் புத்தி சொல்றா' என்று கோபித்தாலும் பரவாயில்லை.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே, நான் சொல்வது சரிதானா? நீங்களும் எழுதுங்களேன்.

- ஓர் இல்லத்தரசி, திருப்பூர்.