பத்து மணிக்கு மேல் வள்ளிக்குக் கல்யாணம் கிடையாது

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் பெங்களூர் போய் ஒரு பாட்டுக் கச்சேரி பார்த்துவிட்டு வந்தான். வாசலில் கையில் கட்டிவிட்ட துணிப்பட்டையை நாலு நாளாகக் கழற்றவே இல்லை (குளிச்சானான்னு கேட்காதீங்க). கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே அவன் சொன்னதுதான் இதை எழுதக் காரணம்.

"மாப்ள, நம்ம ஊர்ல என்னடா இருக்கு? கோயில், ஜிகர்தண்டா, பரோட்டா. ஆர்ட்டு, கல்ச்சர்னு ஒண்ணு உண்டா?"

சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் தலையை ஆட்டினோம். நானும்தான். அப்புறம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒத்தக்கடை தாண்டி ஒரு சுவரில் நோட்டீஸ் கண்ணில் பட்டது. நடுவில் வேலோடு முருகன். சுற்றிலும் வட்ட வட்டமாக முகங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், ஊர். "வள்ளி திருமணம்". அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஊருக்கு இன்னொரு நோட்டீஸ். கொஞ்சம் தள்ளி "அரிச்சந்திரா மயான காண்டம்". நாலு வருடமாக அதே பஸ்ஸில் போகிறேன். ஒரு நாள்கூட அதைக் 'கலை நிகழ்ச்சி அறிவிப்பு' என்று நான் படித்ததில்லை. கொசுவர்த்தி விளம்பரத்தைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருக்கிறேன்.

'இந்த வாரம் பெருநகரங்களில்' என்று பட்டியல் போடுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். சென்னை, பெங்களூர், மும்பை, டெல்லி. நாடகம், ஓவியக் கண்காட்சி, கச்சேரி, சிரிப்பு மேடை. அதில் மதுரை வந்தால் சித்திரைத் திருவிழாவுக்கு வரும். அதுவும் 'ஆன்மிகம்' என்ற தலைப்பில். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு ஊரில் ராத்திரி மேடை இருக்கும். அது எந்தப் பட்டியலிலும் வராது. ஏன்?

என் பதில் சுருக்கமானது. பட்டியல் போடுகிறவர்கள் கலையை எண்ணுவதில்லை. சுவரையும் டிக்கெட்டையும்தான் எண்ணுகிறார்கள். நாலு பக்கம் சுவர் இருந்து, வாசலில் ஒருத்தர் டிக்கெட்டைக் கிழித்தால் அது கலை. சுவர் இல்லாமல் சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தால் அது திருவிழாக் கூட்டம்.

இது வெறும் பட்டியல் பிரச்சினை என்றால் நான் மெனக்கெட்டிருக்க மாட்டேன். சட்டமும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைத் தேடிப் படித்தேன் (வணிகவியல் மாணவனுக்கு இது தேவையா என்று அம்மா கேட்டார்). இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. சரி. ஆனால் மூடிய அரங்கத்துக்குள் என்றால் விலக்கு உண்டு. ஆடிட்டோரியம், கம்யூனிட்டி ஹால், விருந்து மண்டபம் எல்லாம் அதில் வரும். பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மாநில அரசு நினைத்தால் நள்ளிரவு பன்னிரண்டு வரை அனுமதி தரலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது.

ஸ்பெஷல் நாடகத்தின் கணக்கு வேறு. ஊர்ச் சனம் வேலை முடிந்து, சாப்பிட்டு, பாயோடு வந்து உட்காரவே பத்து மணி ஆகும். முதலில் பபூன் வருவார். பிறகு டான்ஸ். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஊரைச் சிரிக்க வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் கதை. நாரதர் வரவேண்டும், வள்ளி தினைப்புனம் காக்க வேண்டும், வேடன் வேடத்தில் முருகன் வந்து வள்ளியோடு தர்க்கம் பண்ண வேண்டும். அந்தத் தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். கல்யாணம் முடிய விடிந்துவிடும். பத்து மணிக்கு முடி என்றால் என்ன முடியும்?

இதில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. இந்த நடிகர்கள் ஒரே குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி அழைப்பதுதான் ஸ்பெஷல் நாடகம். ஒத்திகையே கிடையாது. சாயங்காலம் ஒப்பனைக் கொட்டகையில் சந்திக்கிறார்கள், ராத்திரி முழுக்க நடிக்கிறார்கள், காலையில் ஆளுக்கொரு பஸ். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். தர்க்கத்தில் எதிராளி என்ன கேட்பார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இதையே வெளிநாட்டுக் குழு ஒன்று சென்னையில் செய்தால் 'முன்தயாரிப்பற்ற அரங்கு' என்று பெயர் வைத்து ஆயிரம் ரூபாய் டிக்கெட் போட்டிருப்பார்கள். நாமும் போய்க் கைதட்டியிருப்போம்.

சரித்திரத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இதே மதுரையில். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்த இடம் அது. எம்.ஜி.ஆர். நடிப்புப் படித்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். கே.பி.சுந்தராம்பாள் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு கொடிகட்டிப் பறந்தது ஸ்பெஷல் நாடக மேடையில். அந்தப் புகழுக்குத்தான் 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். எம்.எஸ். என்கிறோமே, அந்த முதல் எழுத்து மதுரை. மணி ஐயர், சோமு, டி.எம்.சௌந்தரராஜன் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். 2017இல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பு நகரங்கள் பட்டியலில் சென்னையைச் சேர்த்தது. சந்தோஷம். விளைந்தது இங்கே, கொள்முதல் மட்டும் அங்கே. எங்கள் பாடத்தில் இதற்கு மூலப்பொருள் ஏற்றுமதி என்று பெயர் :)

2020ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 25 அன்று ஊரடங்கு. அது பங்குனி மாதம், நாடக சீசனின் கழுத்து. அழகர் ஆற்றில் இறங்காத வருடம் அது. அந்த டிசம்பரில் சென்னை சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் நடத்தின. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் பபூனுக்கு எந்த இணையம்? எதிரே ஐந்நூறு பேர் சிரித்தால்தான் அவருக்கு அடுத்த வரி வரும். 2021லும் சித்திரையில் தொற்று திரும்பி வந்தது. ஆறு மாதம் சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு சீசன் போனால் என்ன அர்த்தம் என்று கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. தமுக்கம் மைதானத்தில் 2022இல் மாநாட்டு மையம் வந்தது. 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்குப் பெரிய அரங்கமே எழும்பியது. காளைக்கு மேடை கிடைத்தது, வள்ளிக்குக் கிடைக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்கு ஊர் சட்டமன்ற உறுப்பினர் நிதியில் சிமென்ட் மேடை கட்டி 'கலையரங்கம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பகலில் அதில் மிளகாய் காய்கிறது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. அந்த நாலாவது சுவர் இல்லாததால்தான் அது 'மூடிய அரங்கம்' கிடையாது. அரசாங்கமே கட்டிய மேடையில் அரசாங்கமே பத்து மணிக்கு மைக்கை அணைக்கும்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்.

சத்தம்? நியாயம். மரத்துக்கு மரம் குழாய் ரேடியோ கட்டி மூன்று நாள் ஊரையே தூங்க விடாமல் அடித்த காலம் எனக்கும் தெரியும். பரீட்சை நேரத்தில் காதில் பஞ்சு வைத்துப் படித்தவன் நான். அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் நாடகத்துக்குக் குழாய் தேவையில்லை. மேடை ஓரத்தில் இரண்டு பெட்டி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்டால் போதும். சத்தத்தை அளந்து கட்டுப்படுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள்.

ஆபாசம்? பபூன் டான்ஸ் காட்சியில் இரட்டை அர்த்தம் உண்டு. சில மேடைகளில் எல்லை மீறுகிறது, பார்க்கக் கூசும். ஒப்புக்கொள்கிறேன். அதே இரட்டை அர்த்தம் சினிமாவில் வந்தால் குடும்பத்தோடு பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டு பார்க்கிறோம். ராத்திரி அந்தப் பெண்ணின் ஆட்டத்துக்கு விசிலடித்தவர், காலையில் அவர் வாடகைக்கு வீடு கேட்டால் 'நாடகக்காரிக்குக் கிடையாது' என்பார். இந்த அவமதிப்பைப் பற்றி சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரையிலேயே தங்கி ஆராய்ந்து 2005இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது, ஒத்தக்கடை பஸ்ஸில் போகிற எனக்குத் தெரியவில்லை.

சாதி? இதுதான் கஷ்டமான கேள்வி. நாடகத்துக்குக் காசு தலைக்கட்டு வரியில் வருகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். பார்க்க வருகிறவனிடம் காசு கேட்பதில்லை, பக்கத்து ஊர்க்காரனும் உட்காரலாம். பொருளியல் பாடத்தில் பொதுப்பண்டம் என்று படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்த மந்தைதான். ஆனால் சில ஊர்களில் சிலரிடம் வரியே வாங்க மாட்டார்கள். வரி வாங்கவில்லை என்றால் சலுகை இல்லை, நீ இந்த ஊர்க் கணக்கில் இல்லை என்று அர்த்தம். அந்த அசிங்கத்தை மறைத்துவிட்டுக் கிராமத்துக் கலை என்று உருகுவது எனக்கு வராது. மைக்கை அணைக்க வருகிற அதிகாரம், இந்த விலக்கலைக் கேட்க வந்தால் முதலில் கைதட்டுவேன்.

இவ்வளவு பேசுகிறேனே, போன பங்குனியில் நான் என்ன செய்தேன் தெரியுமா?

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. ஊர்க்கூட்டத்தில் நாடகப் பேச்சு வந்தது. ஏஜென்ட் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பத்து மணிக்குள்ள முடிக்கணும்னா வள்ளி மேடைக்கே வரமாட்டா தம்பி. பபூனோட கலைஞ்சிரும். பாதி நாடகத்துக்கு முழுச் சம்பளம் குடுக்க ஊருக்குச் சம்மதமா?" பெரியவர்கள் யோசித்தார்கள். எளந்தாரிகள் நாங்கள் யோசிக்கவில்லை. பாக்ஸ் செட்டு, லைட்டு, டிஜே என்று ஒரே குரலில் சொன்னோம். செலவை ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டியதே நான்தான். மூன்றாம் ஆண்டு வணிகவியல், பேசச் சொன்னால் பேச மாட்டேனா? கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். நாடகம் போனது. ஏழு மணிக்கு ஆரம்பித்த டிஜே பத்துக்குச் சமர்த்தாக முடிந்தது. அந்த மூன்று மணி நேரச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அது சட்டப்படி சரி.

அப்பத்தா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மந்தைக்கு வந்துவிட்டது. யாரும் அதனிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது. "ஏய்யா, வள்ளிக்கு இந்த வருசம் கல்யாணம் இல்லையா?"

"இல்லப்பத்தா" என்றேன்.

"யாரு வேணாம்னா?"

போலீஸ் என்று சொன்னேன். பாதிதான் உண்மை.

ஆகவே நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று அரசாங்கத்திடம். நாடக மேடைக்குத் தனி விதி கொண்டுவாருங்கள். குழாய் கூடாது, இத்தனை டெசிபலுக்கு மேல் கூடாது, மேடைக்கு முன்னால் மட்டும் பெட்டி, ஊருக்கு ஆண்டுக்கு ஒரு ராத்திரி. அதற்கு உட்பட்டால் விடியும்வரை நடக்கட்டும். விதி மத்திய அரசுடையது என்றால் அங்கே எழுதுங்கள். ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரியில் தமுக்கத்திலேயே ராத்திரி பகலாக உட்கார்ந்தோம், சட்டம் மாறவில்லையா? ஒவ்வொரு சீசனிலும் ஊர்க்காரர்கள் அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனு போட்டுக்கொண்டே இருக்க முடியுமா?

இன்னொன்று நம்மிடம். 2023 செப்டம்பரில் சென்னை ஈ.சி.ஆரில் ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் பலர் உள்ளேயே நுழைய முடியாமல் திரும்பினார்கள். ஒரு வாரம் அதையே பேசினோம். பேச வேண்டிய விஷயம்தான். வள்ளி மேடையேறாமலே திரும்பிப் போகிறாள். அதை யார் பேசுவது? நாம் பேசாவிட்டால் போலீஸ் தேவையே இல்லை, கையைத் தூக்கி நாமே முடித்துவிடுவோம்.

வருகிற பங்குனிக் கூட்டத்தில் மறுபடி ஒரு தாள் எழுதிக்கொண்டு போகிறேன். ஏஜென்டிடம் நாடகச் செலவு கேட்டு வைத்திருக்கிறேன். தோற்கலாம், எங்கள் செட்டு இன்னும் டிஜே பக்கம்தான்.

பெங்களூர் நண்பனையும் அழைத்திருக்கிறேன். "டிக்கெட் எவ்வளவுடா?" என்று கேட்டான். பாய் கொண்டுவா என்றேன்.